பொம்மையும் நமது கவிதையும்

அண்மைக்காலமாக நமது கவிதைகளில் 'பொம்மை' ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. பேசாத பெண் பொம்மை, தலையாட்டும் மனைவி பொம்மை, சீதனச் சந்தையில் நிற்கும் குமரும் பொம்மை. எழுதுகிறவர்களின் கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளை பொம்மையோடு விளையாடுவதை இவர்கள் கிட்டவிருந்து பார்த்ததில்லையோ என்ற ஐயம் எழுகிறது.

நான் யாழ்ப்பாணக் கிராமமொன்றில் ஆரம்ப வகுப்புக்குக் கற்பிக்கிறவன். ஒருநாள் இடைவேளையில் மூன்றாம் தரத்துப் பிள்ளையொன்று, சூப்பிக் காயவைத்த பனங்கொட்டைக்குத் துணி சுற்றி மடியில் வைத்திருந்தது. (தும்பைத் தலைமயிராக வாரிவிட்டால் அதைவிட நல்ல பொம்மை கடையில் கிடையாது.) "நாலாம் வாய்பாடு பாடமில்லையோ? எழும்பி நில்!" என்று அதை அதட்டிக்கொண்டிருந்தது. குரல் என்னுடையது, இழுவைகூட என்னுடையதுதான். ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் படித்த சிறுவர் உளவியல் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

பொம்மை பேசாது, உண்மை. அதைக் கையிலெடுத்த பிள்ளை பேசத் தொடங்கிவிடுகிறது. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினப் பிள்ளைகளிடம் கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி எது நல்லது என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் வெள்ளையைக் காட்டினார்கள். பாடசாலைகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது.

இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தைச் சிலர் எனக்கு எதிராகக் காட்டலாம். நோரா தன்னைப் பொம்மை என்றுதான் சொல்கிறாள். ஆனால் அந்த உவமையில் தகப்பனின் கையும் கணவனின் கையும் தெரிகின்றன. தன் பிள்ளைகளைத் தானும் அப்படியே வைத்திருந்ததாக அவள் ஒப்புக்கொள்கிறாள். நமது கவிதைகளிலோ கை இல்லை. பொம்மை மட்டும் குற்றவாளியாக நிற்கிறது.

அபூதாவூதில் பதிவான ஹதீஸை நாமெல்லாம் அறிவோம். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவில் ஒரு குதிரை, அதற்குத் துணியால் இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வருகிறது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பொம்மை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்கு மட்டுமே நாம் இதை எடுத்தாள்கிறோம். இலக்கியக்காரன் கவனிக்க வேண்டியது அந்தப் பதிலை. பொம்மைக்குச் சிறகு தைத்த கைக்குக் கதையும் தெரிந்திருக்கிறது, வாயும் இருக்கிறது.

தமிழ் மரபும் இதை அறியும். ஐங்குறுநூற்றில், அம்மூவனாரின் நெய்தற் பாட்டொன்றில் ஒரு சிறுமியின் மணற்பாவையை அலை கொண்டுபோகிறது. அவள் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. மண்ணை அள்ளிக் கடலையே தூர்க்கப் புறப்படுகிறாள்.

1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது என் தங்கைக்கு ஆறு வயது. அவளுடைய பனங்கொட்டைப் பொம்மை அடுப்படியில் கிடந்துவிட்டது. புத்தளம் முகாமில் ஒரு சிரட்டைக்குச் சீலைத்துண்டு கட்டி வைத்துக்கொண்டாள். இரவில் அதனிடம், "இது எங்கட வீடில்ல, எங்கட வீடு சோனகத் தெருவில" என்பாள். உம்மா அதைக் கேட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார். வீட்டைப் பற்றி அந்த நாட்களில் எங்களில் வாய்திறந்தவள் அவள் மட்டுமே.

வெளியேற்றம் பற்றி நான் வாசித்த கவிதைகளில் கிணறு வருகிறது, பள்ளிவாசல் வருகிறது, பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு வருகிறது. சிரட்டைப் பொம்மையை நான் எதிலும் காணவில்லை. தங்கையிடம் எழுதச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குப் பரீட்சை, முடியட்டும் பார்க்கலாம் என்கிறாள்.