கரித்தடமும் காலடித்தடமும்

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் நடந்த காலநிலைக் கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுரை படிக்க இல்லை, சும்மா உட்கார்ந்து கேட்க. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அவரவர் 'கரித்தடம்' எவ்வளவு என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வருசத்துக்கு எத்தனை தடவை விமானத்தில் போகிறீர்கள்? வீட்டில் எத்தனை ஏசி? கார் பெட்ரோலா டீசலா? வாரத்தில் எத்தனை நாள் கறி? என்னுடையதை முடித்துவிட்டு இன்னொரு தாள் வாங்கி எங்கம்மாவுக்கும் போட்டுப் பார்த்தேன். விமானம் இல்லை, ஏசி இல்லை, கார் இல்லை. இரண்டு லைட்டு, ஒரு ஃபேன். கேஸ் தீர்ந்துபோனால் கருவை விறகு. அரங்கில் இருந்த அத்தனை பேரையும்விட எங்கம்மாவின் எண்தான் சின்னது. பேச வந்தவர் அந்தத் தாளை மேடையில் தூக்கிக் காட்டி, "இந்த அம்மாதான் நமக்கெல்லாம் வழிகாட்டி, இப்படி வாழத்தான் நாம் பழக வேண்டும்" என்றார். கைதட்டினார்கள்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. எங்கம்மா ஏசி வேண்டாம் என்று துறந்தவள் இல்லை. நாற்பது வருசம் அடுத்தவன் வயலில் நாற்று நட்டு, அந்தக் கூலியில் இதற்குமேல் எதுவும் வாங்க முடியாதவள். இல்லாமையை எளிமை என்று பேர் மாற்றிப் பாராட்டுவது புதிய வேலையும் இல்லை. நம்மைக் கடவுளின் பிள்ளைகள் என்று சொன்னவர்களும் இதைத்தான் செய்தார்கள். அன்றைக்கு எழுந்து கேட்காமல் விட்ட கேள்விகளை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல். ஒரு மனிதன் பூமியில் எவ்வளவு கரியைக் காற்றில் விடுகிறான் என்பதற்குக் காலடித்தடத்தை உவமையாக்கியிருக்கிறார்கள். இதை உலகமெங்கும் பரப்பியதில் 'பிபி' என்கிற எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-களின் நடுவில் தன் விளம்பரங்களில் உங்கள் கரித்தடம் எவ்வளவு என்று அது மக்களைக் கேட்டது. எண்ணெய் எடுத்து விற்பவன் வாங்குபவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற தந்திரம் இது. இதை இடதுசாரித் தோழர்கள் பலரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. இந்த நாட்டில் காலடித்தடத்துக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர் தன் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, நடந்த மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டே போக வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். எங்கள் தடமே தீட்டு என்றவர்களின் பிள்ளைகள், உங்கள் தடம் எத்தனை சின்னது பாருங்கள் என்று இன்று மெச்சுகிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் நாம் தடம் பதிக்காமல் நடப்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

இதை வைத்துப் புவி வெப்பமாதல் பொய், மேல்சாதிக் கட்டுக்கதை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டிகிரிக்கு மேல் சூடேறிய முதல் ஆண்டு 2024. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது எங்கள் தெருவில் ஒரு கூரைகூட நிற்கவில்லை. விழுந்த தென்னைகளை எண்ணினார்கள், மரக்கணக்குப் போட்டு உடையவனுக்கு நிவாரணம் வந்தது. இடிந்த குடிசைக்கும் கொஞ்சம் வந்தது. ஆனா அந்தத் தோப்புல தேங்கா பறிச்சு, மட்டை உரிச்சு, கீத்து முடைஞ்சு பொழைச்ச சனங்களோட வேலை எந்தக் கணக்குலயும் வரல. தென்னை மறுபடி காய்க்க அஞ்சாறு வருசம். அதுவரைக்கும் திருப்பூருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. ஆகவே உமிழ்வைக் குறைத்தாக வேண்டும், அது நமக்குத்தான் முதலில் வேண்டும். அதை எந்தக் கணக்கில், யார் தலையில் குறைப்பது என்பதுதான் நம் கேள்வி.

கணக்கைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் முக்கியமானது அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் எழுதிய 'ஏற்றத்தாழ்வான உலகில் புவி வெப்பமாதல்' என்கிற சின்னப் புத்தகம். வாஷிங்டனில் இருந்து வந்த ஓர் அறிக்கை இந்தியா போன்ற நாடுகளையும் பெரும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தபோது அதற்குப் பதிலாக வந்தது. பணக்கார நாட்டுக்காரன் காரில் விடும் புகையும் ஏழை விவசாயி நெல் வயலில் இருந்து வரும் மீத்தேனும் ஒன்றா என்று கேட்டார்கள். ஒன்று சொகுசு உமிழ்வு, மற்றது பிழைப்பு உமிழ்வு. காற்றும் கடலும் உறிஞ்சிக்கொள்ளும் அளவைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரியுங்கள் என்றார்கள். வெள்ளைக்காரனிடம் நேருக்கு நேராகச் சொல்லப்பட்ட நியாயம் இது. நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டு அந்தக் கணக்கு நாட்டின் எல்லையில் நின்றுவிடுகிறது. இன்று ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு விடுகிறார், ஓர் இந்தியர் சுமார் 2 டன். இந்த 2 டன் யாருடையது? சராசரி என்பது ஊரையும் சேரியையும் கூட்டி இரண்டால் வகுப்பது. ஊரில் இருக்கிற மூணு ஏசி வீட்டையும் எங்கம்மா வீட்டையும் கூட்டி வகுத்தால் மூணு ஏசிக்காரரும் ஏழையாகிவிடுகிறார். 2007-இல் கிரீன்பீஸ் இந்தியா வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே ஏழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்ற பொருளில்தான் இருந்தது. அது வருமானத்தைப் பார்த்தது, சாதியைப் பார்க்கவில்லை. உலக அரங்கில் நம்மைத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் சேர்த்துக்கொள்வதில்லை. மக்கள்தொகையாக நாம் வேண்டும், மக்களாக வேண்டாம்.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் தமிழில் சூழலியல் பேசுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவர்கள் கட்டுரைகள் பெரும்பாலும் ஐந்திணையில் தொடங்கும். தமிழன் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தான், ஆங்கிலேயனும் ஆலையும் வந்து கெடுத்தன, திணை வாழ்வுக்குத் திரும்பினால் பூமி குளிரும் என்று முடியும். திணையிலக்கணத்தைத் திறந்து பாருங்கள். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருள் பதினான்கு என்கிறது. தெய்வத்துக்கு அடுத்து 'உயர்ந்தோர்', அதற்கடுத்து 'அல்லோர்', பிறகு பறவை, விலங்கு, ஊர், நீர், பூ, மரம். மருதத்தில் உயர்ந்தோர் ஊரனும் மகிழ்நனும், அல்லோர் உழவரும் உழத்தியரும் கடையரும் கடைசியரும். காதலிக்கிறவன் உயர்ந்தோன், சேற்றில் நிற்கிறவள் அல்லோள். எருமைக்கும் தாமரைக்கும் மேலே, மனுசனுக்குக் கீழே நம்மை வைத்துப் பட்டியல் போட்ட வாழ்வு அது. அதற்குத் திரும்பலாம் வாருங்கள் என்று கூப்பிடுகிறவர், திரும்பிப் போனதும் யார் எந்தப் பட்டியலில் நிற்பது என்பதைச் சொல்லிவிட்டுக் கூப்பிடட்டும்.

அடுத்தது கறி. மாட்டுக்கறி பூமியைச் சுடுகிறது, சைவமே பசுமை என்கிற பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. மேற்கத்திய நாடுகளில் கறிக்காகவே மந்தை மந்தையாக மாடு வளர்க்கிறார்கள், அங்கே அந்தக் கேள்வி நியாயம். இங்கே என்ன நிலைமை? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாடுகள் சுமார் 19 கோடி, எருமைகள் சுமார் 11 கோடி. மாட்டின் மீத்தேன் அது உயிரோடு அசைபோடும்போது வயிற்றிலிருந்து வருகிறது, கறிச்சட்டியிலிருந்து வருவதில்லை. இந்த மாடுகளில் பெரும்பாலானவை பாலுக்காக வளர்க்கப்படுகிறவை. உலகிலேயே அதிகம் பால் கறக்கிற நாடு இதுதான். அப்படியென்றால் அந்த மீத்தேனில் பெரும்பங்கு பாலுக்கும் தயிருக்கும் நெய்க்கும் உரியது. வாழ்நாளெல்லாம் பாலைக் குடித்தவர் சுத்தம், கடைசியில் கிழட்டு மாட்டை வாங்கித் தின்றவர் பூமிக்குக் கேடு. செத்த மாட்டைத் தூக்குவது நம் கடமை, தின்பது நம் இழிவு என்று சொன்ன அதே நாக்கு இப்போது வேதியியல் பேசுகிறது.

அதே மீத்தேனைக் கொஞ்சம் தொடர்ந்து போவோம். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கும் சூடேற்றுகிற வாயு இது. நெல் வயலும் மாடும் போக, குப்பைமேட்டிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வருகிறது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மக்காததையும் மக்குவதையும் ஒன்றாகக் கொட்டி மலையாக்கினார்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அந்த மலையில் கிளறிப் பிழைக்கிறவர்கள் யார் என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய மலக்குழிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று மூச்சுக் காற்றை விரட்டும், மற்றொன்று நேராகவே கொல்லும். 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-லும், முப்பது லட்சம் என்று 2023-லும் உச்சநீதிமன்றம் சொன்னது. தொகை ஏறியது, இறங்குவது நிற்கவில்லை. இந்த வாயுவை உலகம் டன் கணக்கில் எண்ணுகிறது. நாம பொணத்தை எண்ணித் தெரிஞ்சுக்கிறோம்.

2021-இல் கிளாஸ்கோவில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி சொன்னபோது இந்தியா சேரவில்லை. எங்கள் மீத்தேன் சிறு விவசாயியின் பிழைப்பு உமிழ்வு, சொகுசு உமிழ்வு அல்ல என்று நாடாளுமன்றத்தில் அரசு விளக்கம் சொன்னது. 1991-இல் ஏழைக்காகச் சொன்ன சொல் அரசாங்கத்தின் கேடயமாகிவிட்டது. வயலை விடுங்கள், மலக்குழி யாருடைய பிழைப்பு? கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்து, எரிவாயுவைக் குழாயில் பிடித்து, மனிதன் இறங்காமல் எந்திரத்தை இறக்கினால் காற்றுக்கும் நல்லது, உயிரும் மிஞ்சும். இத்தனை சுலபமான குறைப்பு கண்ணில் படவில்லை என்றால், அதில் இறங்குகிறவன் கண்ணில் படவில்லை என்று பொருள்.

சரி, புகையில்லாத மின்சாரம் வந்தால் விடிந்துவிடுமா? கர்நாடகத்தில் பாவகடா வட்டத்தில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா இருக்கிறது. நிலத்தைப் பிடுங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள், தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் எழுதினார்கள். பட்டா வைத்திருந்தவருக்கு வாடகை வந்தது. அந்த நிலத்தில் கடலை பிடுங்கியவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் வேலை போனது, வாடகை வரவில்லை. நெல் வயலில் தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் குறையும் என்பது உண்மை. குறைத்ததற்குக் கரிக்கடன் என்று காசும் கொடுக்கிறார்கள். அதுவும் நிலம் உள்ளவர் கைக்கே போகிறது. தண்ணி வத்துன வயல்ல களை கூடுமே, குனிஞ்சு எடுக்கிறது யாரு? 1892-இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்னும் அடுத்தவர் கையில் கிடக்கிற மாநிலத்தில், பட்டாவை வைத்துப் பசுமைக் காசைப் பிரிப்பது பழைய மிராசையே சூரிய வெளிச்சத்தில் புதுப்பிப்பதாகும்.

நிலக்கரியை மூடு, ஆனால் சாம்பல் குட்டையோரம் குடியிருந்தவனுக்கு மாற்று வேலையும் வீடும் கொடுத்துவிட்டு மூடு. சூரியத் தகடு போடு, வாடகையில் கூலிக்காரனுக்கும் பங்கு எழுது. குப்பையை வீட்டிலேயே பிரி, மலக்குழிக்கு எந்திரம் கொண்டு வா. நம் தெருவுக்கு விறகு வேண்டாத அடுப்பும் வெயில் இறங்காத கூரையும் கொடு. அதனால் எங்கம்மாவின் எண் கொஞ்சம் கூடினால் கூடட்டும். குறைய வேண்டிய எண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அரங்கத்திலேயே நீதாம்மா முதல் என்று. விளக்கத்தைக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "ஏன்டா தம்பி, வெயில்ல எத்தினி மணி நேரம் நிக்கிறேன்னு அந்தத் தாள்ல கேட்டிருந்தாங்களா?"

கேட்கவில்லை. விட்டதைக் கேட்கிற தாளில் பட்டதைக் கேட்கிற பத்தி இல்லை. அந்தப் பத்தியை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் ஊர்ச் சேரியில் வெள்ளம் எந்தப் பக்கம் முதலில் வருகிறது, ஊர்க் குப்பை எங்கே கொட்டப்படுகிறது, சித்திரை வெயிலில் நடவுக்கூலி நேரம் மாறியதா, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது? தோழர்கள் கேட்டு, தேதியோடு எழுதுங்கள். ஆயிரம் தாள் சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த கருத்தரங்குக்குப் போவோம். இந்தத் தடவை கேட்க உட்கார வேண்டாம்.