கேட்கத் தெரிந்தவர்களும் கேள்வியை மாற்றும் உரிமையும்

1980 ஜனவரியில் அலாஸ்காவின் வடகோடியில் அப்போது பாரோ என்று அழைக்கப்பட்ட ஊர் அமெரிக்கச் செய்தித்தாள்களில் அடிபட்டது. அங்கே வாழும் இனுபியாட் மக்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய குடிநோய் ஆய்வின் முடிவு பிலடெல்பியாவில் செய்திக்குறிப்பாக வெளியானது. நியூயார்க் டைம்ஸ் அதை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 88 பேர். மிச்சிகனில் உருவான ஒரு வினாத்தாளால் அளந்து, அவர்களில் 72 விழுக்காட்டினர் குடிநோயாளிகள் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஊரின் பெயரை யாரும் மறைக்கவில்லை. ஒரு சமூகம் முழுவதும் ஒரே நாளில் நோயாளிப் பட்டம் சுமந்தது.

அந்த ஆய்வாளர்கள் நன்கு பயின்றவர்கள். மாதிரி எடுக்கவும் மதிப்பெண் போடவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முடிவு யாருக்குச் சொந்தம், அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் பெற்ற பயிற்சியில் இல்லை. பல இன மக்களிடையே மனநலத்தை ஆராயும் அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களை எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: பயிற்சி பெற்றவர் கையில் எந்த முடிவை எடுக்கும் உரிமை வந்து சேர்கிறது?

இத்தகைய திட்டங்களுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்க உளவியல் சங்கம் 1974இல் தேசிய மனநல நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு சிறுபான்மையினருக்கான ஆய்வு நல்கையைத் தொடங்கியது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் சிறுபான்மையினரும் இடம்பெற வேண்டும் என்று 1993இல் சட்டமே வந்தது. எவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்ப வேண்டியிருந்தது என்பதைத் தலைமை மருத்துவ அதிகாரி டேவிட் சாச்சர் 2001இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. முக்கிய மனநோய்களுக்கான சிகிச்சை நெறிமுறைகளுக்கு ஆதாரமான ஆய்வுகளில் ஏறத்தாழ 10,000 பேர் பங்கேற்றிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் இனம் குறிக்கப்படவே இல்லை. குறிக்கப்பட்டவர்களில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 561 பேர், லத்தீன் மக்கள் 99 பேர், ஆசியர்கள் 11 பேர். பூர்வகுடி மக்களில் ஒருவர்கூட இல்லை.

பயிற்சியால் என்ன விளைந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஜாக்சன் கட்டியெழுப்பிய பணியை. கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றை அவர் 1976இல் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் களத்தில் இறங்கி வேலை கற்றார்கள். அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தவர்களும் அவர்களே. 2001 முதல் 2003 வரை ஜாக்சன் குழு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 6,000க்கும் மேற்பட்டோர் பேசினார்கள். நேர்காணல் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதுவரை கணக்கெடுப்புகளில் 'கறுப்பர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடைபட்டிருந்தவர்களை ஆப்பிரிக்க அமெரிக்கர், கரீபிய வழிவந்தோர் என்று பிரித்துப் பார்த்தார்கள்.

அந்தக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் வெள்ளையரில் 17.9 விழுக்காடு, கரீபியரில் 12.9, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4. இத்தோடு நின்றிருந்தால் கறுப்பின மக்களுக்கு நோய் குறைவு என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஜாக்சன் குழுவினர் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: வந்த நோய் விட்டுப் போகிறதா? வெள்ளையரில் 38.6 விழுக்காட்டினருக்கு நோய் நீடித்தது. கறுப்பினத்தின் இரு பிரிவிலும் குறைந்தது 56 விழுக்காட்டினருக்கு நீடித்தது. நோயுற்ற கரீபியரில் கால்வாசிப் பேருக்குக்கூடச் சிகிச்சை கிட்டவில்லை. குறைவாக வருகிறது, வந்தால் போக மறுக்கிறது, வைத்தியமும் எட்டுவதில்லை. இந்தச் சித்திரம் கிடைத்ததற்குக் காரணம், வகைப்பாட்டையே மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருந்ததுதான்.

அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் சமூகத்துக்குள்ளிருந்து ஆளைக் கொண்டுவருவது மட்டும் போதவில்லை. அதே ஆண்டுகளில் நடந்த லத்தீன், ஆசிய அமெரிக்கர் கணக்கெடுப்பு மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்ட வேலை. ஆங்கிலத்தோடு ஸ்பானியம், சீனம், வியட்நாமியம், தகலாக் மொழிகளிலும் பேசிக் கேட்டார்கள். ஆனால் சீனர், பிலிப்பினோ, வியட்நாமியர் தவிர்த்த அனைவரும் 'பிற ஆசியர்' ஆனார்கள். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கும் குஜராத்திகளுக்கும் ஜப்பானியர்களுக்கும் அதே ஒரு கட்டம்தான். அதிலும் ஆங்கிலத்தில் பேச முடிந்தவர்களின் குரல்தான் பதிவாகியிருக்க முடியும். மகன் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்ட, தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பாட்டியின் தனிமையை அந்தக் கணக்கெடுப்பு கேட்டிருக்க வழியில்லை.

பயிற்சி என்ற பெயரில் நடக்கும் பண்பாட்டுப் பட்டறைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 'ஆசியர்கள் மனநோயை உடல்வலியாகச் சொல்வார்கள்' என்பது போன்ற பட்டியலை ஒரு பிற்பகலில் மனப்பாடம் செய்து வருபவர், எதிரே இருப்பவர் பேசும் முன்பே அவர் என்ன சொல்வார் என்று முடிவுகட்டிவிடுகிறார். பட்டறைக்கே போகாதவராவது காது கொடுக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய குறை பல்கலைக்கழகத்தின் நடுக்கூடத்திலேயே இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்களிடம், நீரிழிவை ஆராய்வதாகச் சொல்லி 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும் அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. 2003இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கச் சென்ற ஹவாசுபாய்ப் பெண் ஒருவர், இதற்கு எங்கள் அனுமதி பெற்றீர்களா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு நடந்தது, 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிஞ்சிய ரத்தத்தையும் திருப்பித் தந்தார்கள். நெறியாளர்கள் முன்னிலையில் ஓர் ஆய்வாளர் உருவாகும் அரங்கு அது. அங்கே எழுந்திருக்க வேண்டிய கேள்வியைப் பார்வையாளராக வந்தவர் கேட்க வேண்டியிருந்தது.

வேறு வழியும் இருந்தது. 1990களின் இறுதியில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்பீரோ மேன்சன் குழுவினர் இரு பூர்வகுடிப் பகுதிகளில் 3,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தார்கள். பழங்குடி மன்றங்களின் ஒப்புதலோடு, அந்தந்தச் சமூகத்தவரையே நேர்காணலுக்குப் பழக்கினார்கள். எந்தப் பழங்குடி என்ற பெயரை வெளியிடவில்லை. மனச்சோர்வு நாட்டுச் சராசரியைவிடக் குறைவு, குடிக்கு அடிமையாதலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவும் அதிகம் என்று கண்டார்கள். குடியைப் பற்றிய கசப்பான உண்மையும் அதில் இருந்தது. ஆனால் எந்த ஊரும் செய்தித்தாளில் கூனிக்குறுகவில்லை.

இப்படி வேலை செய்ய நாளாகும், பணமும் வேண்டும். இங்கேதான் பயிற்சித் திட்டங்கள் தம் மாணவர்களைக் கைவிடுகின்றன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஆய்வுநிதி கேட்கும் கறுப்பின அறிவியலாளர்களுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் ஒரு பகுப்பாய்வு காட்டியது. கல்வி, பயிற்சி, வெளியீடுகள் போன்றவற்றைச் சமன்செய்த பிறகும் 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு காரணத்தைத் தொட்டது: சமூக அளவிலான, மக்கள் நலம் சார்ந்த தலைப்புகளை அவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தத் தலைப்புகளுக்கே நிதி குறைவாகக் கிடைக்கிறது. உன் மக்களிடம் போ என்று சொல்லி வளர்த்துவிட்டு, போனவரை வெறுங்கையோடு நிறுத்துவது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

இத்தனை குறைகள் இருந்தாலும் இத்திட்டங்களை மூடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜாக்சனின் மாணவர்கள் இல்லாவிட்டால் அந்த 56 விழுக்காட்டை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆனால் நல்கைக் காலம் முடிந்ததும் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று எண்ணுவதோடு ஆண்டறிக்கை முடியக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் நிதிக்குழுவில் அமர்ந்தார்கள், எத்தனை பேர் பழைய வினாத்தாளைத் திருத்தி எழுதினார்கள், வீடு வீடாக ஏறி இறங்கிய உள்ளூர் நேர்காணலாளர்களில் எத்தனை பேரின் பெயர் கட்டுரையில் ஆசிரியராக இடம்பெற்றது என்ற மூன்று எண்களையும் அதே அறிக்கையில் அச்சிட வேண்டும்.