பட்டறைக்கு முன்பே வந்த கருவிகள்

லால்பேட்டையிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் போன சபராளிகளில் வெல்டரும் உண்டு, ஏ.சி. மெக்கானிக்கும் உண்டு. தொழில் தெரிந்தவர் ஊர் திரும்பினால், அத்தர் பாட்டிலோடு டிரில்லிங் மிஷினும் கிரைண்டரும் பெட்டியில் வரும். சுங்கத் துறை ஒரு காலத்தில் இவர்களைத் தொழிலின் பெயர் சொல்லியே மதித்தது. 1998ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகளில் தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் ஆகியோரின் தொழிற்கருவிகளுக்குத் தனிச் சலுகை இருந்தது.

அதே ஆள் காட்டுமன்னார்கோயில் பக்கம் பட்டறை திறந்ததும் கேள்வி எழுகிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் கருவிக்கு வரிக் கணக்கில் என்ன இடம்?

வருமான வரியில் கிடைக்கும் பதில், பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்க முடிந்தது. சொந்த உபயோகத்தில் இருந்த கட்டடத்தைத் தொழிலுக்குக் கொண்டுவந்தால், கடந்துபோன ஆண்டுகளின் தேய்மானத்தையும் கழித்த பிறகே விலை வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 43(1) பிரிவின் விளக்கம். கருவிகளுக்கு அப்படியொரு நிபந்தனை இருக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் உண்மையாகவே அனுமதிக்கப்பட்ட தேய்மானத்தை மட்டுமே கழிக்க வேண்டும் என்று மாதேவ உபேந்திர சினாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது வாங்கிய மிஷின் முழு விலையில் கணக்கேற வாதம் இருக்கிறது. பிரிட்டனில் இது நடக்காது. தொழிலுக்குக் கொண்டுவரும் நாளின் சந்தை மதிப்பு, வாங்கிய விலை இரண்டில் எது குறைவோ அதுதான் அங்கே கணக்கு.

தாராளமெல்லாம் பில் இருப்பவருக்குத்தான். 2017 முதல், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்தின் அந்தத் தொகை விலையில் சேராது. பழைய மிஷினை இரண்டாம் கையாக வாங்குபவர் பெரும்பாலும் காசோலை கொடுப்பதில்லை. அத்தா விட்டுச்சென்ற லேத் என்றால், அவர் வாங்கிய விலையிலிருந்து தேய்மானம் போக மிச்சம்தான் மகனுக்கு. அந்தக் காலத்து ரசீது எந்த அலமாரியில் இருக்கிறதோ!

இன்னொரு உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. சிறு பட்டறைக்காரருக்கு இந்தச் சர்ச்சை பெரும்பாலும் ஏட்டோடு சரி. பழைய சட்டத்தின் 44ஏடி பிரிவிலிருந்து வரும் உத்தேச முறையில், 20 லட்சம் வரவு இருந்தால் 8 சதவீதம், அதாவது 1.6 லட்சம் வருமானம் என்று காட்டினால் போதும். வங்கி வழி வந்த பணத்துக்கு 6 சதவீதம்தான். தேய்மானமும் அதற்குள் அடக்கம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாதபோது கிரைண்டரின் தேய்மானத்தைத் தேடி யார் அலைவார்? 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் உத்தேச முறை தொடர்கிறது.

லால்பேட்டைக்குப் பக்கத்தில் வீராணம் ஏரி உருவான சோழர் காலத்தில் கருவியின் பேரிலேயே வரி இருந்தது: செக்கிறை, தறியிறை. இன்று கருவி வைத்திருப்பதற்கு வரி இல்லை. ஆனால் அதை வாங்கும்போது கட்டிய வரி எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை. உண்மையான அடி ஜிஎஸ்டியில்தான் விழுகிறது.

சேவைத் தொழிலின் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அப்படிப் புதிதாகப் பதிவாகிறவர் இருப்பிலுள்ள வெல்டிங் ராடுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். வெல்டிங் மிஷினுக்குக் கட்டியதை எடுக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 18(1)(ஏ) பிரிவு மூலப்பொருளோடு நின்றுவிடுகிறது. 50,000 ரூபாய் மிஷினுக்கு 18 சதவீத வரி 9,000 ரூபாய். பதிவுக்கு முதல் நாள் வாங்கியிருந்தால் அத்தனையும் போச்சு. ஆனால் சிறு வணிகருக்கான காம்போசிஷன் திட்டத்திலிருந்து சாதாரண முறைக்கு மாறுகிறவர், ஆறு மாதம் முன்பு வாங்கிய அதே மிஷினுக்குக் காலாண்டுக்கு 5 சதவீதப் புள்ளி கழித்து 8,100 ரூபாய் பெறுகிறார். இருவரிடமும் இருப்பது ஒரே மிஷின், கட்டியதும் ஒரே வரி. முன்பே வரி வலையில் இருந்தவருக்கு ஒரு நீதி, இப்போதுதான் உள்ளே வருபவருக்கு ஒரு நீதி என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் தெரியவில்லை. முறையாகப் பதிவு செய்யுங்கள் என்று சிறுதொழிலாளரை அழைக்கும் அரசு, வந்தவரை வாசலிலேயே நஷ்டப்படுத்துகிறது.

காலாண்டுக்கு 5 என்ற சூத்திரம் ஜிஎஸ்டி விதிகளிலேயே தயாராக இருக்கிறது. அதைப் புதிய பதிவாளருக்கும் நீட்டிக்க ஜிஎஸ்டி கவுன்சில் முன்வர வேண்டும். அதுவரை, பெரிய மிஷின் வாங்கும் எண்ணமுள்ளவர்கள் பதிவு எண்ணை முதலில் வாங்கிவிட்டு, பணத்தை வங்கி வழியாகவே கொடுப்பது நல்லது.