பழைய அட்டையையும் கொண்டாங்க

தஞ்சாவூர் மெடிக்கலிலிருந்தோ திருவாரூர் ஆஸ்பத்திரியிலிருந்தோ டிஸ்சார்ஜ் ஆகி வரும் குடவாசல்காரருக்குக் கடைசிச் சோதனை நடப்பது கடைத்தெரு மருந்துக் கடையில்தான். நல்ல மருந்தாளுநர் சீட்டைப் படித்தவுடன் மாத்திரையை எடுக்கப் போகமாட்டார். "பெரியம்மா, வீட்டுல ஏற்கெனவே என்ன போட்டுக்கிட்டிருந்தீங்க? அந்த அட்டையையும் கொண்டாங்க" என்பார்.

எனக்குப் பிடித்தது இந்தக் கேள்விதான். புதுச் சீட்டில் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை இருக்கும். வீட்டு டப்பாவில் பழைய அம்லோடிபின், வேறு கம்பெனிப் பெயரில். இரண்டையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலை சுற்றலாம், கால் வீங்கலாம். இரண்டிலும் ஒரே மருந்து இருப்பதை அட்டையின் பின்பக்கப் பொடியெழுத்தில் கண்டுபிடித்து, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகே பழையதை நிறுத்தச் சொல்வார்.

வெட்டிக் கொடுக்கும் துண்டில் காலாவதித் தேதி விடுபட்டால் கவரில் எழுதிவிடுவார். படிக்கத் தெரியாதவருக்குக் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை.

மருந்தை விளக்கிக் கொடுப்பது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகளே சொல்கின்றன. ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் சீட்டு கடைப் பையன் கைக்குப் போய்விட்டால் கேள்வி ஏதும் வராது. நான் மத்தியானமே போய்விடுவேன்.