1098க்கு அழைத்த பிறகு?

பள்ளிகளில் நடக்கும் குழந்தைப் பாதுகாப்பு வகுப்பு பெரும்பாலும் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று தொடங்கி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணோடு முடிகிறது. அந்த எண்ணின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், அழைத்த பிறகு யார் வருவார்கள், அவர்களிடம் எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம் என்பது வகுப்பில் வருவதில்லை.

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு, வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் கதவுக்குக் கதவு ஒட்டியிருக்கும் நடைவழியில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தாலே மாடி முழுக்கப் பேச்சாகிவிடும். அதே பிரிவு, எந்த இடத்தில் பேசுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கவும் வழிவிடுகிறது. 26ஆம் பிரிவின்படி பெற்றோர்தான் உடனிருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை நம்பும் வேறொருவரும் இருக்கலாம். தவறு செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது அந்த ஒரு வரிதான் பிள்ளைக்குப் பிடிமானம். அப்படியொரு வரி இருப்பதே தெரியாத பிள்ளை அதை எப்படிக் கேட்கும்?

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் ‘ஏ’ படிவம் இருக்கிறது. எஃப்ஐஆர் நகல், இலவச மருத்துவப் பரிசோதனை எனப் பல உரிமைகள் அதில் உண்டு. போலீஸ் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அது வந்து சேர்வது குடும்பமே நிலைகுலைந்து நிற்கும் நாளில், சட்ட மொழியில். அம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார், பிள்ளை படிக்கப்போவதில்லை.

இந்த உரிமைகளைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொன்னால் ‘சொல்லிக் கொடுத்த சாட்சி’ என்று எதிர்த்தரப்பு வாதாடும் என்பார்கள். ஏற்க முடியவில்லை. நடைமுறையை விளக்குவது வேறு, வாக்குமூலத்தைச் சொல்லிக் கொடுப்பது வேறு. மௌனத்தால் வரும் கேடு அதைவிடப் பெரிது. உதாரணமாக, சம்மத உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வந்து, அவளும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அவள் பெயரைப் போலீஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படும் பெண் என்ன செய்வாள்?

‘ஏ’ படிவத்தை எளிய தமிழில் ஒரே பக்கமாக்கி, எட்டாம் வகுப்பிலேயே வாசித்து விளக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதைப் பெரும்பாக்கத்துப் பள்ளிகளில் தொடங்கட்டும்.