பிறப்பை ஏசும் பெருங்குரல்

கால்பந்தாட்டத் திடலிலே எழுகிற ஆரவாரம் இருக்கிறதே, அது கேட்கத் தக்கது! ஆயிரம் தொண்டைகள் ஒரே நொடியில் ஒரே சொல்லைச் சொல்லும், தாளம் பிறக்கும், தாளத்தின்மேல் எதுகை ஏறும், எதுகையின்மேல் ஏளனம் ஏறும். இயற்றியவன் பெயரை எவரும் அறியார். ஏட்டில் எழுதி வைத்தாரும் இலர். எனினும் அடுத்த கிழமை அதே பாட்டு ஓரடி கூடுதலாகி ஒலிக்கும். நாட்டுப்பாடலை நூலகத்தில் தேடுகிறார்களே நம் புலவர் பெருமக்கள், அது கண்ணெதிரே பிறந்து வளர்வதைக் காண விரும்பினால், கோல் கம்பத்துக்குப் பின்னால் மலிவுக் கட்டணக்காரர்கள் அமரும் படிக்கட்டுக்கு வரட்டும்.

வசை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அங்கதம் என்றொரு வகையை வகுத்தது. வெளிப்பட ஏசுவது செம்பொருள் அங்கதம்; பழியை மறைத்து ஏசுவது பழிகரப்பு அங்கதம் என்று பிரித்தும் வைத்தது. காளமேகம் வசை பாடியே பெயர் பெற்றான். ஆகவே, ஆட்டம் பார்க்க வந்தவன் வாய்மூடி அமர்ந்து, மெல்லக் கைதட்டி, வீடு போய்ச் சேரவேண்டும் என்று உபதேசிக்கும் உத்தமர்களின் கட்சியில் நாம் இல்லை. பந்தை நழுவவிட்டவனின் கையில் வெண்ணெயா என்று கேட்கட்டும். நடுவருக்குக் கண் மருத்துவரின் முகவரியைக் கொடுக்கட்டும். பெருந்தொகை வாங்கிக்கொண்டு பெயருக்கு ஓடுகிற வீரனை நையாண்டி செய்யட்டும். அது செயலைப் பற்றிய திறனாய்வு. சீட்டுக்குக் காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு!

ஆனால் அதே தொண்டை, அதே தாளம், அதே எதுகை, பந்தை விட்டுப் பிறப்பைப் பற்றிக்கொள்கிறபோது?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை அறிந்த தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏரும் கலப்பையும் இருந்த இடத்தில் இன்று ஆலைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்த ஆலைகளில் பாடுபடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஏரிக்கரைத் திடலில் பந்து உருளும். வந்தவர்களில் சிலர் கால்பந்தில் வல்லவர்கள். அவர்கள் காலில் பந்து சிக்கியதும் கரையிலிருந்து குரல் கிளம்பும்: "வடக்கன்!" தொடர்ந்து நிறத்தைச் சொல்லி, கண்ணின் வடிவைச் சொல்லி, உண்ணும் உணவைச் சொல்லி ஒரு பாட்டு. சரி, இரு பக்கமும் தமிழரே ஆடும் நாளில்? அன்றைக்குத் தெருவின் பெயர் சொல்லப்படும். தெருப்பெயர்தானே, அதிலென்ன தீங்கு என்று அயலூரான் நினைப்பான். அந்தத் தெரு எந்தச் சாதியாருடையது என்பதைத் திடலில் நிற்கும் ஒவ்வொருவனும் அறிவான். பழிகரப்பு அங்கதம் என்றால் என்னவென்று மாணவர் கேட்டால் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லவேண்டியிருக்கிறது, வெட்கம்!

இவ்விடத்தில் நம் முகாமுக்குள்ளேயே ஒரு சொல். "வடக்கன் என்பதில் என்ன தவறு? இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பவர்கள் அல்லவா நாம்?" என்று வினவும் இளைஞர்கள் உண்டு. 1938-இலும் 1965-இலும் தமிழகம் எதிர்த்தது ஆட்சியாளரின் மொழித்திணிப்பை; பிழைப்புத் தேடி வந்து பத்துப்பேர் ஓர் அறையில் படுத்துறங்கும் தொழிலாளியை அல்ல. டில்லிக்குத் தொடுத்த கணையை ஏரிக்கரையில் நிற்கும் ஏழையின் முதுகில் எய்வது வீரமுமன்று, கொள்கையுமன்று.

கூச்சலைச் சட்டத்தால் அடக்க முயன்ற நாடுகள் உண்டு. அவர்கள் எழுதிய சட்டங்களைப் பனுவலாகக் கொண்டு படித்துப் பார்ப்போம்.

இங்கிலாந்து 1991-இல் கால்பந்துக் குற்றங்கள் சட்டம் இயற்றியது. ஆபாசக் கூச்சலும் இனவெறிக் கூச்சலும் அதன்படி குற்றம். இனவெறிக் கூச்சல் எது? நிறம், இனம், குடியுரிமை, பூர்வீகம் ஆகியவற்றைக் காரணமாக்கி ஒருவரை மிரட்டுவது, பழிப்பது, இழிவுபடுத்துவது. விளக்கம் தெளிவானதுதான். பாகிஸ்தானிய மரபினர் மிகுதியாக வாழும் ஓல்டம் நகரத்தாரை நோக்கி, 'உங்கள் ஊரே அவர்களால் நிரம்பியது' என்னும் பொருளில் இழிசொல் வைத்துக் கோஷமிட்ட போர்ட் வேல் அணி ஆதரவாளர் ஒருவரைக் கீழ்மன்றம் விடுவித்தது; 2003-இல் மேல்மன்றம் அத்தீர்ப்பைத் திருத்தி, அது இனவெறிக் கூச்சலே என்றது. சொல் சிறிது, நஞ்சு பெரிது என்பதை மன்றம் உணர்ந்தது. எனினும் அந்த விளக்கத்தில் மதம் இல்லை. சாதி என்பதற்கோ பேச்சே இல்லை. போகட்டும், அவர்கள் ஊர்ப் பிணிக்கு அவர்கள் அரைத்த மருந்து அது.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ், செல்டிக் என இரண்டு அணிகள். ஒன்றன் பின்னால் புராட்டஸ்டண்டு மரபினர், மற்றதன் பின்னால் கத்தோலிக்க மரபினர். 'அன்பே கடவுள்' என்று ஓதும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள்தாம்! அவர்கள் பாடும் பாட்டைக் கேட்டால் அன்பு எந்த மூலையில் ஒளிந்ததென்று தெரியாது. 2011-இல் இவ்விரு அணிகளின் ஆட்டங்களைச் சுற்றி எழுந்த வெறி, 2012-இல் ஒரு சட்டத்தைக் கொணர்ந்தது. மத, இன வெறுப்பைக் கிளறுவதோடு அச்சட்டம் நிற்கவில்லை. 'நியாயமான மனிதர் எவரும் புண்படத்தக்கது எனக் கருதக்கூடிய' நடத்தையையும், கலவரம் விளைக்குமெனத் தோன்றினால், குற்றமாக்கியது. புண்படுதல்! யார் புண்பட்டார், எதனால் புண்பட்டார் என்பதற்கு எல்லை ஏது? அரசியல் பாட்டுப் பாடியவனும் சிக்கினான். டண்டீ நகர நீதிபதி ஒருவர், மட்டமாக வரையப்பட்ட இச்சட்டம் வெறும் கொத்துக்கறி என்று நையாண்டி செய்தார். ரசிகர்கள் இயக்கம் கண்டனர். 2018 மார்ச்சில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 62-க்கு 60 என்ற வாக்கில் தான் இயற்றிய சட்டத்தைத் தானே நீக்கியது.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்பீரேல், 'புண்படுதல்' என்ற சொல்லை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்? தண்டனைச் சட்டத்தில் 1927-இல் 295-அ என்ற பிரிவு நுழைந்தது. இன்று அது புதிய சட்டத்தின் 299-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 1953-இல் பெரியார் திருச்சியில் மண் பிள்ளையாரை உடைத்தார். மனம் புண்பட்டதென்று வழக்குத் தொடுத்தார் ஒருவர். கீழ்மன்றங்கள் தள்ளியும் வழக்கு 1958-இல் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. மறுவிசாரணைக்கு அம்மன்றமும் ஆணையிடவில்லை என்பது வேறு செய்தி. ஆக, புண்பட்டதா என்பதை அளவுகோலாக வைத்துத் திடலுக்குச் சட்டம் செய்தால், முதலில் அடைபடும் வாய் பகுத்தறிவாளன் வாய்தான். சாதியை எதிர்த்துக் கோஷமிட்டால் சாதிமான் புண்படுவான்; புண்படட்டும்! ஒருவன் கொண்ட கருத்தை நாம் தாக்குகிறோம். கருத்தை அவன் மாற்றிக்கொள்ளலாம். பிறப்பை மாற்றிக்கொள்ள எவனால் முடியும்? கருத்தையும் செயலையும் ஏசுவதற்கும் பிறப்பை ஏசுவதற்கும் இடையில் கோடு போடத் தெரியாத சட்டம், இருவரையும் ஒரே கயிற்றில் கட்டும்.

கோடு போடத் தெரியாத காவலும் அப்படியே. 2023 அக்டோபர் 14 அன்று ஆமதாபாத்தில் கிரிக்கெட் ஆட்டம். ஆட்டமிழந்து நடந்து வந்த பாகிஸ்தான் வீரர் முகம்மது ரிஸ்வானை நோக்கி 'ஜெய் ஸ்ரீராம்' முழக்கம் எழுந்தது. தமிழகத்து விளையாட்டுத் துறை அமைச்சராயிருந்த உதயநிதி கண்டித்தார். வடபுலத்தார் சிலர் வெகுண்டெழுந்து, ஆண்டவன் பெயரைச் சொல்வது குற்றமா என்றனர். ஆறு நாள் கழித்துப் பெங்களூரில் பாகிஸ்தானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆட்டம். தன் நாட்டை வாழ்த்தி முழக்கமிட்ட பாகிஸ்தான் ரசிகர் ஒருவரைக் காவலர் தடுத்தார். அந்த வாழ்த்து எவர் பிறப்பை இழித்தது? ஒருவரையும் இல்லை. ஆமதாபாத்தில் எழுந்த முழக்கமோ, சொல்லளவில் துதி; குறியளவில் ஒரு மனிதனின் மதத்தின்மேல் எறிந்த கல். துதியைப் போர்த்திய பழியைத் தொல்காப்பியம் படித்தவன் அடையாளம் கண்டிருப்பான். தடி பிடித்தவனுக்குச் சொல் மட்டுமே காதில் விழுகிறது.

இதே பாகிஸ்தான் அணிக்கு 1999 சனவரி 31-இல் சேப்பாக்கம் தந்தது வேறு. டில்லி ஆடுகளத்தை மதவெறியர் தோண்டிப் போட்டிருந்த மாதம் அது. சச்சின் 136 எடுத்தும் இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றது. தோற்ற வேதனையோடு எழுந்து நின்ற கூட்டம், வென்றவர்கள் திடலைச் சுற்றிவர வரக் கைதட்டியது. ஆணை இல்லை, அதட்டல் இல்லை. பெருமைதான், ஆனால் ஏரிக்கரைக் கூச்சலைக் கேட்ட பிறகு, அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே காலம் கழிக்க மனம் வரவில்லை.

மற்றொரு பொறியும் உண்டு, அதன் பெயர் நாகரிகம். கெட்ட பேச்சென்றாலே அது ஏழையின் பேச்சு என்று முடிவு கட்டிவிடும் நாகரிகம். 2023 நவம்பரில் நடிகை குஷ்பு 'சேரி மொழி' என்று எழுதினாரே, எதிர்ப்பு எழுந்ததும் சேரி என்றால் பிரெஞ்சில் அன்பு என்று பொருள் சொன்னாரே, நினைவிருக்கிறதா? கூச்சலை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை இந்த நாகரிகத்திடம் விட்டால், பறை நிறுத்தப்படும், விசில் நிறுத்தப்படும், கைலி கட்டியவன் வாயிலில் நிறுத்தப்படுவான். குளிரூட்டிய அறையில் அமர்ந்து மெல்லிய குரலில் சாதி சொல்பவன் மட்டும் உள்ளே இருப்பான். இங்கிலாந்துச் சட்டத்தில் 'ஆபாசம்' என்ற சொல் இனவெறிக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பது எனக்கு உறுத்துவது இதனால்தான். இரண்டும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையா?

சாதி இழிசொல்லுக்கு நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியாரையும் பழங்குடியினரையும் சாதி சொல்லி இழித்தால் தண்டிக்கிறது. 2021 ஆகஸ்டு 4 அன்று தோக்கியோவில் இந்திய மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றது. தாழ்த்தப்பட்டோர் மிகுந்ததால் அணி தோற்றதென்று அரித்துவாரத்தை அடுத்த ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியா வீட்டெதிரே வெடி வெடித்துக் கூத்தடித்தனர் சிலர். அதே வந்தனா நான்கு நாள் முன்னர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண்! அந்தச் சட்டப்படி வழக்குப் பதிந்து கைது செய்தனர். வீட்டு வாசலில் நின்ற முகங்கள், பெயர் தெரிந்த முகங்கள். ஆகவே சட்டம் நடந்தது. திடலில் முகம் ஏது? ஆயிரம் வாயில் எந்த வாய்? 2021 சனவரியில் சிட்னியில் இந்தியப் பந்துவீச்சாளர்கள் இழிசொல் கேட்டதாக முறையிட்டபோது ஆறு பேரை எழுப்பி வெளியேற்றினர். இழிசொல் விழுந்தது உண்மை, அந்த அறுவர் குற்றவாளிகள் அல்லர் என்று பின்னர் விசாரணை சொன்னது. அத்தனைப் படக்கருவிகள் இருந்த இடத்தில் அந்த நிலை என்றால், ஒலிபெருக்கி ஒன்றே கருவியாக இருக்கும் ஏரிக்கரையில்?

அங்கே வேலை செய்யக்கூடியவன் பக்கத்தில் நிற்பவன்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துச் சான்க்ட் பவுலி கழகம் இதற்குச் சான்று. 1980-களில் அந்நாட்டுத் திடல்களில் நாஜி வெறியர் கொட்டம் அடித்தனர். சான்க்ட் பவுலி ரசிகர்கள் 1989-இல் தாங்களே ஓர் ஏடு தொடங்கினர். எழுதினர், விற்றனர், வாதாடினர். இனவெறி முழக்கத்துக்குத் திடலில் தடை என்ற விதியை 1990-களின் தொடக்கத்தில் கழகம் ஏற்றது. ஓர் ஏடு! ஏடு நடத்தியே வளர்ந்த இயக்கத்தாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

கையில் வண்ணக்கயிறு கட்டிவரும் மாணவனை வகுப்பில் கண்டிக்கிறோம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, அக்கயிற்றை நீக்கச் சொல்லி 2024-இல் அறிக்கையும் தந்தது. நீக்கிய கயிறு ஞாயிற்றுக்கிழமை சட்டையின் நிறமாகித் திடலுக்கு வந்துவிடுகிறது. அணியின் பெயராகவும் வருகிறது. திடலில் ஆசிரியர் இல்லை. ஒலிபெருக்கி பிடித்தவன் இருக்கிறான். பெரும்பாலும் நம் மன்றத்துத் தோழன்தான் அவன். இடைவிடாமல் வருணனை சொல்லி, எவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவன்தான் அறிவிக்கிறான். தெருவை விட்டுவிட்டு ஆட்டக்காரனின் பெயரை மட்டும் சொல்லட்டும். வடமாநிலத் தோழனின் பெயரைக் கேட்டு அறிந்து சரியாகச் சொல்லட்டும். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு மூன்று படி விதி வைத்திருக்கிறது: இழிகூச்சல் எழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், தொடர்ந்தால் வீரர்களை வெளியே அழைத்துக்கொள்ளலாம், அதன்பின்னும் தொடர்ந்தால் ஆட்டத்தையே கைவிடலாம். நம் எழுவர் போட்டிகளுக்கு அந்த விதி பொருந்தாதா என்ன?

போட்டிக்கு முன் சுவர்தோறும் ஒட்டுகிறோமே அறிவிப்பு, அதில் நுழைவுக் கட்டணம் இருக்கிறது, கோப்பையின் உயரம் இருக்கிறது, முதற்பரிசு வழங்கும் பெருமகனாரின் பெயர் சாதிப்பட்டத்தோடு கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டால் கிடைக்கும் இடத்தில், பிறப்பை இழித்தால் ஆட்டம் நிற்கும், கோப்பை எவருக்கும் இல்லை என்று ஒரு வரி அச்சிடலாம். பரிசுப்பணம் போய்விடுமே என்று அமைப்பாளர் அஞ்சுவார். ஆளுக்குப் பத்து ரூபாய் உண்டியல் குலுக்கி அந்தப் பணத்தைச் சேர்ப்பது நம் மன்றங்களால் ஆகாத செயலா? தை மாதம் போட்டிகள் தொடங்கும். அதற்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.