தீர்ப்பும் நூலும்: ஸர் அப்துர் ரஹீமின் சட்டப்பணி குறித்து ஒரு மதிப்பீடு

ஐரோப்பியப் பேரரசுகளின் ஆட்சியில், நிலவுடைமைக் குடும்பங்களில் பிறந்து, ஆள்வோரின் சட்டத்தையே கற்று, அதன் வழியே அரசியல் தலைமைக்கு உயர்ந்த முஸ்லிம்களின் தலைமுறை ஒன்றுண்டு. மாஸ்கோவில் சட்டம் பயின்று 1918இல் அஸர்பைஜான் குடியரசின் முதல் பிரதமரான ஃபத்அலீ கான் கோய்ஸ்கி அவர்களுள் ஒருவர். அவ்வரிசையில் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வாய்த்தவர் ஸர் அப்துர் ரஹீம் (1867–1952). அவர் வகித்த பதவிகளை எண்ணிப் பெருமை கொள்ளும் நாம், அவர் எழுதிய நூலையும் வழங்கிய தீர்ப்பையும் அருகருகே வைத்து ஆராய்வதில்லை.

வங்காளத்து மேதினிப்பூரில் ஜமீன்தார் குடும்பமொன்றில் தோன்றிய அவர், லண்டனில் பாரிஸ்டரானபின் கல்கத்தாவில் வழக்காடினார். 1908இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1916இலும் 1919இலும் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1907இல் அவர் நிகழ்த்திய தாகூர் சட்டச் சொற்பொழிவுகள், அவர் சென்னையில் நீதிபதியாயிருந்த 1911இல், இஸ்லாமியச் சட்டவியலின் கோட்பாடுகளை விளக்கும் ஆங்கில நூலாக வெளிவந்தன. அக்காலத்து நீதிமன்றங்கள் ஹாமில்டனின் ஹிதாயா மொழிபெயர்ப்பையும் பெய்லியின் தொகுப்பையும் சார்ந்து தீர்ப்பளித்தன. விதிகள் மட்டும் கிடைத்தன. அவை பிறந்த வழி மறைந்துபோயிற்று. குர்ஆன், ஹதீஸ், இஜ்மா, கியாஸ் ஆகியவற்றிலிருந்து சட்டம் எவ்வாறு பெறப்படுகிறது என்னும் உஸூலுல் ஃபிக்ஹை நான்கு மத்ஹபுகளின் வழிநின்று ஆங்கிலத்தில் விரித்துரைத்ததே அந்நூலின் அருஞ்செயல். ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் தமிழகத்திற்கு இந்த ஒப்பீட்டு நோக்கு பெரிதும் பயன்தர வல்லது. உரிமை, கடப்பாடு, உடைமை என மேலைச் சட்டவியலின் சட்டகத்துள் அனைத்தையும் அடுக்கியதால் ஃபிக்ஹின் இயல்பான ஒழுங்கு சற்றே குலைந்தது என்பதே நாம் காணும் குறை.

நூல் வெளிவருவதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1909இல், ராவுத்தர் குடும்பமொன்றின் மணவிலக்கு வழக்கை நீதிபதி மன்றோவும் அவரும் இணைந்து தீர்த்தனர். காரணமின்றித் தலாக் கூறுவதைக் குர்ஆனும் ஹதீஸும் வன்மையாகக் கண்டிக்கின்றன, ஆயினும் கணவனின் செயல் தகாததென்பதால் தலாக்கின் சட்டச் செல்லுபடி பாதிக்கப்படாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இது ஹனஃபீ நூல்களுக்கு முரணானதன்று. ஒரு செயலின் செல்லுபடி வேறு, மறுமையில் அதற்குரிய விளைவு வேறு என்னும் உஸூல் பாகுபாட்டையே அது பின்பற்றியது.

ஆனால் இப்பாகுபாடு நீதி தருவதற்கு இரு தரப்புகள் தேவை. செல்லுபடியை நீதிமன்றம் கூறிவிடும். பாவத்தைத் தடுக்கும் பொறுப்பு சமுதாயத்தினுடையது. இரு குடும்பத்தாரிலிருந்தும் நடுவர்களை நியமிக்கச் சொல்லும் 4:35 வசனம் அப்பொறுப்பையே சுட்டுகிறது. ஆங்கில நீதிமன்றத்தின் கையில் ஒரு பாதியே இருந்தது. மறுபாதியை யார் ஏற்பது என்னும் வினா அத்தீர்ப்பில் எழவில்லை. அதுவே அதன் போதாமை.

பிற்காலத்தில் அவர் அரசியலுள் ஆழ்ந்தார். அரசுப்பணிகள் குறித்த ராயல் கமிஷனில் பெரும்பான்மையோரை மறுத்து, இந்தியருக்கு உரிய இடம் கோரி அவர் தனிக்குறிப்பு எழுதியது பாராட்டத்தக்கது. 1925இல் அலிகார் முஸ்லிம் லீக் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். 1935 முதல் 1945 வரை மத்திய சட்டமன்றத்தின் தலைவராக வீற்றிருந்தார். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அவர் தலைமையேற்றிருந்த அவையில்தான் நிறைவேறியது. ஷரீஅத்தே பொருந்தும் என்று அச்சட்டம் அறிவித்ததேயன்றி, அதை எம்முறையில் விளங்கிக்கொள்வது என்று சொல்லவில்லை. அதற்கு விடை அவருடைய நூலில் இருந்தது. அதைத் தேடிச் சென்றோர் மிகச் சிலர்.

நாம் விட்டுவைத்த மறுபாதியைப் பிறர் எடுத்துக்கொண்டனர். தகுந்த காரணமும் சமரச முயற்சியும் இன்றித் தலாக் செல்லாது என உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது; 2017இல் ஒரே அமர்வில் கூறும் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது; 2019இல் நாடாளுமன்றம் அதனைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனையும் விதித்தது. அச்சட்டத்தின் நோக்கத்தை நாம் எவ்வளவு குறைகூறினாலும், அதற்கு முந்தைய நூறாண்டுகளில் நம் செயலின்மைக்கு அது விடையாகாது.

ஸர் அப்துர் ரஹீமுக்கு நாம் செய்யத்தக்க நன்றி, உஸூல் கலையைத் தமிழ் கற்றோர் அனைவரும் பயிலும்படி எளிதாக்குவதும், வடக்கே எளாவூர் தொடங்கித் தெற்கே காயல்பட்டினம் வரை நம் ஜமாஅத்துகள் தலாக்கிற்கு முன்னரே நடுவர்களை அமர்த்துவதைக் கடமையாகக் கொள்வதுமே ஆகும்.